பேதம் வேண்டாம்

வாருங்கள், படிப்போம்

ஒரு கேள்வியோடு இந்தப் பாடத்தைத் தொடங்குவோம்.

நம் தெருவில் ஒருவருக்குக் காசநோய் வந்தால் என்ன சொல்கிறோம்? "மருந்தை விடாமல் சாப்பிடுங்கள், சரியாகிவிடும்" என்கிறோம். சர்க்கரை வியாதி என்றால்? "இனிப்பைக் குறையுங்கள்" என்கிறோம்.

எச்.ஐ.வி. என்றால்?

அப்போது மட்டும் குரல் தாழ்கிறது. "எப்படி வந்ததாம்?" என்று காதோடு காதாகக் கேட்கிறோம். அவர் குடித்த டம்ளரைத் தனியாக வைக்கிறோம். அவர் பிள்ளையோடு நம் பிள்ளையை விளையாட விடுவதில்லை. வாடகைக்கு வீடு கேட்டால் கையை விரிக்கிறோம்.

கிருமி உடம்பைத்தான் தாக்கும். ஒதுக்கி வைப்பதோ மனத்தைத் தாக்கும். வேலையைப் பறிக்கும். படிப்பைக் கெடுக்கும். உறவை அறுக்கும்.

இப்படி ஒதுக்குவது தவறு என்று நம் நாட்டில் முதலில் குரல் கொடுத்தவர்களில் தில்லி நகரத்தின் இளைஞர்கள் சிலரும் உண்டு. அவர்களிடம் பணபலம் இல்லை. அதிகாரம் இல்லை. காகிதமும் பேனாவும் இருந்தன. கேள்வி கேட்கும் துணிவு இருந்தது. அவர்கள் கதையை இந்தப் பாடத்தில் படிப்போம்.

1. முதலில் உண்மையைத் தெரிந்துகொள்வோம்

எச்.ஐ.வி. என்பது ஒரு கிருமியின் பெயர். நம் உடம்பில் நோயை எதிர்க்கும் சக்தி இருக்கிறது. அந்தச் சக்தியை இந்தக் கிருமி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். சிகிச்சை பெறாமல் விட்டால், பல ஆண்டுகள் கழித்து உடம்பு மிகவும் பலவீனம் அடையும். பல நோய்கள் சேர்ந்து தாக்கும். அந்த நிலைக்குத்தான் எய்ட்ஸ் என்று பெயர். கிருமி இருக்கும் எல்லோருக்கும் எய்ட்ஸ் வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது.

இந்தக் கிருமி முக்கியமாக நான்கு வழிகளில் பரவுகிறது:

• ஆணுறை இல்லாமல் கிருமி உள்ளவரோடு உடலுறவு கொள்வது
• கிருமி உள்ள ரத்தத்தை உடம்பில் ஏற்றுவது
• ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது
• கிருமி உள்ள தாயிடமிருந்து குழந்தைக்கு, கருவில் இருக்கும்போது, பிரசவத்தின்போது அல்லது தாய்ப்பால் வழியாக

எப்படிப் பரவாது?

தொட்டால் பரவாது. கை குலுக்கினால் பரவாது. ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தால் பரவாது. ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தினால் பரவாது. இருமலால், தும்மலால், கொசுக்கடியால் பரவாது. பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்தால் பரவாது.

அப்படியானால் அந்த டம்ளரை ஏன் தனியாக வைத்தோம்? பயத்தால் வைத்தோம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? அதைப் பார்ப்போம்.

2. பயம் பிறந்த காலம்

1986ஆம் ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் பேராசிரியராக இருந்தார். நிர்மலா என்ற பெண் அவரிடம் படித்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் பரவும் இந்தப் புதிய கிருமி நம் நாட்டிலும் இருக்கிறதா என்று பார்க்க இருவரும் முடிவு செய்தார்கள்.

நிர்மலா சுமார் 80 பேரிடம் ரத்தம் எடுத்தார். அவற்றைப் பரிசோதிக்கும் வசதி அப்போது சென்னையில் இல்லை. எனவே வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். அங்கே 6 பெண்களின் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. இந்தியாவில் இந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது அதுவே முதல் முறை.

அந்தக் காலத்தில் இதற்குச் சரியான மருந்து இல்லை. தெளிவான செய்தியும் மக்களுக்குப் போய்ச் சேரவில்லை. மருந்தும் இல்லை, விவரமும் இல்லை என்றால் என்ன மிஞ்சும்? பயம்தான் மிஞ்சும்.

பயந்தவர்கள் "யார் குற்றவாளி?" என்று தேடினார்கள். "வெளிநாட்டார்தான் காரணம்" என்றார்கள். "பாலியல் தொழில் செய்யும் பெண்கள்தான் காரணம்" என்றார்கள். "ரத்தம் விற்கிறவர்கள்தான் காரணம்" என்றார்கள். 1988இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைவரே ஒரு யோசனை சொன்னார். வெளிநாட்டாரோடு உறவு கொள்வதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்றார் அவர். படித்த பெரியவர்களையும் பயம் எப்படி ஆட்டிவைத்தது, பாருங்கள்.

3. பூட்டப்பட்ட மனிதர்கள்

பயம் பேச்சோடு நிற்கவில்லை. பூட்டாகவும் மாறியது.

சென்னையில் பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்ட பெண்களுக்கு ரத்தப் பரிசோதனை நடந்தது. கிருமி இருப்பதாகத் தெரிந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே விடவில்லை. ஷியாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர் அதைக் கண்டு வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அந்தப் பெண்கள் வெளியே வந்தார்கள்.

கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞர் இருந்தார். வழக்கமாக ரத்த தானம் செய்கிறவர். பிறர் உயிரைக் காக்க ரத்தம் கொடுத்தவர். அப்படிக் கொடுத்த ரத்தத்தைப் பரிசோதித்தபோது எச்.ஐ.வி. தெரிந்தது. 1989 பிப்ரவரியில் போலீசார் அவரை அழைத்துப் போனார்கள். என்ன காரணம் என்று அவருக்குச் சொல்லவில்லை. கோவாவின் பொதுச் சுகாதாரச் சட்டப்படி அவரைத் தனிமையில் அடைத்தார்கள். 64 நாள் அவர் அடைபட்டுக் கிடந்தார்.

அவர் செய்த குற்றம் என்ன? எந்தக் குற்றமும் இல்லை.

அவருடைய தாய் லூசி டிசோசா நீதிமன்றத்துக்குப் போனார். நண்பர்களும் ஊராரும் தெருவில் இறங்கிக் கேட்டார்கள். அதன் பிறகு டொமினிக் வெளியே வந்தார். ஆனால் அடைத்து வைக்க அனுமதித்த சட்டம் செல்லும் என்றே நீதிமன்றம் அப்போது சொன்னது. அவருடைய வேலையும் போயிற்று. அவர் சோர்ந்து போகவில்லை. தம்மைப் போன்றவர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1992இல் இறந்தார்.

4. தில்லிக்கு வந்த மசோதா

கோவாவில் இருந்தது ஒரு மாநிலத்தின் சட்டம். நாடு முழுவதற்கும் இப்படி ஒரு சட்டம் வந்தால் என்ன ஆகும்?

அதற்கான முயற்சியும் நடந்தது. 1989 ஆகஸ்டில் எய்ட்ஸ் தடுப்பு மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. மசோதா என்றால் சட்டத்தின் முன்வரைவு. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஏற்று, குடியரசுத் தலைவரும் ஒப்புதல் தந்தால்தான் அது சட்டமாகும்.

அந்த மசோதா என்ன சொன்னது? சந்தேகம் வந்தால் ஒருவருக்குக் கட்டாயமாகப் பரிசோதனை செய்யலாம். கிருமி இருந்தால் தனியே பிரித்து வைக்கலாம். மருத்துவர்கள் அவரைப் பற்றி அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும்.

மேலோட்டமாகப் படித்தால் நல்லதுபோலத் தோன்றும். "ஊரைக் காப்பாற்றத்தானே சட்டம்?" என்று கேட்கத் தோன்றும்.

தில்லியில் சிலர் அதை நிதானமாகப் படித்தார்கள். படித்துவிட்டு, "இது ஊரைக் காப்பாற்றாது" என்று சொன்னார்கள்.

5. யார் அந்த இளைஞர்கள்?

1980களின் இறுதியில் தில்லியில் ஓர் இயக்கம் பிறந்தது. அதன் பெயர் 'எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன்'. இது இந்திப் பெயர். எய்ட்ஸ் பாகுபாட்டை எதிர்க்கும் இயக்கம் என்று பொருள். 'பேத்பாவ்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நாம் பேசும் 'பேதம்' அதற்குள் இருக்கிறது. சொல் மட்டும் பொதுவாக இல்லை. அந்தக் குறையும் எல்லா ஊருக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது.

இந்த இயக்கத்தில் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். மருத்துவரும் இருந்தார். அவர்களில் ஒருவர் சித்தார்த்த கௌதம். இளம் வழக்கறிஞர். வெளிநாட்டில் படித்தவர். நினைத்திருந்தால் நிறையச் சம்பாதித்திருக்கலாம். அவர் ஒதுக்கப்பட்டவர்களுக்காக வேலை செய்தார். 1992இல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 28தான். டாக்டர் பி.எஸ். சாஹ்னி, வழக்கறிஞர் ஷோபா அகர்வால் போன்றவர்கள் தொடர்ந்து அந்தப் பணியைச் செய்தார்கள்.

அரசு மசோதாவை அவர்கள் ஏன் எதிர்த்தார்கள்? அவர்கள் வாதத்தைக் கேள்வி பதிலாகப் பார்ப்போம்.

கேள்வி: கட்டாயப் பரிசோதனை செய்தால் நோய் உள்ளவரைக் கண்டுபிடித்துவிடலாமே?

பதில்: பிடித்து அடைப்பார்கள் என்று தெரிந்தால் யார் ஆஸ்பத்திரிப் பக்கம் வருவார்? நோய் உள்ளவர் ஒளிந்துகொள்வார். தமக்குக் கிருமி இருப்பதே தெரியாமல் பலர் இருப்பார்கள். அப்போது கிருமி இன்னும் அதிகமாகப் பரவும்.

கேள்வி: தனியே பிரித்து வைத்தால் மற்றவர்களுக்குப் பாதுகாப்புத்தானே?

பதில்: இந்தக் கிருமி காற்றில் பரவுவதில்லை. தொட்டால் ஒட்டுவதில்லை. பிறகு எதற்குத் தனிமை? "கிருமி உள்ளவர்களை அடைத்துவிட்டார்கள், இனி பயமில்லை" என்று மற்றவர்கள் கவனக்குறைவாக இருப்பார்கள். ஆணுறையை மறப்பார்கள். அதுதான் ஆபத்து.

கேள்வி: மருத்துவர் அதிகாரிகளிடம் சொன்னால் என்ன தப்பு?

பதில்: மருத்துவரிடம் நாம் சொல்வது நம்பிக்கையால். அது ஊருக்குத் தெரிந்தால் வேலை போகும். வீடு போகும். ஒருவருக்கு இப்படி நடந்தால், அதைப் பார்த்த பத்துப் பேர் பரிசோதனைக்கு வரமாட்டார்கள்.

இந்த வாதத்தின் சாரம் ஒன்றுதான். நோயாளியின் உரிமையைக் காத்தால்தான் ஊரின் சுகாதாரத்தையும் காக்க முடியும்.

தில்லி இளைஞர்களும், வேறு ஊர்களில் வழக்கறிஞர்களும், மற்ற அமைப்புகளும் அந்த மசோதாவைத் தொடர்ந்து எதிர்த்தார்கள். 1992இல் மசோதா திரும்பப் பெறப்பட்டது.

சட்டம் ஆகியிருந்தால் எத்தனை டொமினிக்குகள் அடைபட்டிருப்பார்கள்? நினைத்துப் பாருங்கள்.

6. காகிதம் செய்த வேலை

இந்த இயக்கத்துக்குப் பெரிய நிதி உதவி எதுவும் இல்லை. அவர்கள் மக்களிடம் போனார்கள். கேட்டு எழுதினார்கள். எழுதியதை அச்சிட்டார்கள். எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்கள்.

1990இல் பெண்களும் எய்ட்சும் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பெண்கள் மீது பழி போடுவது சுலபம். கணவன் வழியாகக் கிருமி வந்தாலும் மனைவியைத்தான் ஊர் ஏசும். இந்த அநியாயத்தை அந்த அறிக்கை பேசியது.

இன்னொரு அறிக்கை ரத்தம் விற்றுப் பிழைத்தவர்களைப் பற்றியது. அந்தக் காலத்தில் தில்லியிலும் மற்ற நகரங்களிலும் ஏழைகள் பலர் வயிற்றுப்பாட்டுக்காக ரத்தம் விற்றார்கள். கிருமி வந்ததும் பழி அவர்கள் தலையில் விழுந்தது. விற்றவருக்கும் உடம்பு உண்டு, குடும்பம் உண்டு என்பதை யாரும் நினைக்கவில்லை. பிறகு 1996இல் உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை இட்டது. அதன்படி 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் வாங்குவது நின்றது. இப்போது ரத்தம் தானமாகத்தான் பெறப்படுகிறது. ஒவ்வொரு பையும் பரிசோதிக்கப்படுகிறது.

1991இல் மற்றோர் அறிக்கை வந்தது. அது ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள் பற்றியது. அவர்களும் நம் நாட்டுக் குடிமக்கள்தாம், அவர்களைக் குற்றவாளி ஆக்கும் சட்டம் வேண்டாம் என்று அது சொன்னது. அன்று இப்படி வெளிப்படையாகப் பேசுவதற்குப் பெரிய துணிச்சல் வேண்டும். பலர் கேலி செய்தார்கள்.

அடுத்த ஆண்டு தில்லிப் பூங்கா ஒன்றில் சில ஆண்களைப் போலீசார் பிடித்தார்கள். இயக்கத்தார் 1992 ஆகஸ்டில் போலீஸ் தலைமை அலுவலகத்தின் முன்னே நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

1994இல் திகார் சிறைப் பிரச்சினை வந்தது. சிறைக்குள் எச்.ஐ.வி. பரவாமல் இருக்கக் கைதிகளுக்கு ஆணுறை தர வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். சிறை நிர்வாகம் மறுத்தது. இயக்கத்தார் தில்லி உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். அந்தப் பழைய சட்டப் பிரிவையும் நீக்கச் சொன்னார்கள்.

அந்த மனு வெற்றி பெறவில்லை. 2001இல் தள்ளுபடி ஆனது. ஆனால் மற்றவர்கள் அதே கேள்வியோடு மீண்டும் நீதிமன்றம் போனார்கள். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு அளித்தது. வயது வந்த இருவர் மனம் ஒத்து வாழ்வது குற்றம் ஆகாது என்றது.

முதல் மனுவுக்கும் இந்தத் தீர்ப்புக்கும் நடுவே 24 ஆண்டுகள்! ஒரு மனு தோற்றதுபோலத் தெரியலாம். எழுதி வைத்த கேள்வி நிற்கும். பின்னால் வருகிறவர் அதை எடுத்துக்கொள்வார்.

7. பெயர் சொல்லாமலே நீதி

மும்பையில் ஒரு தொழிலாளிக்கு எச்.ஐ.வி. இருந்தது. அவருக்கு வேலை செய்யத் தெம்பு இருந்தது. ஆனாலும் நிறுவனம் அவருக்கு வேலை தர மறுத்தது. அவர் நீதிமன்றத்துக்குப் போக விரும்பினார். ஆனால் வழக்கில் பெயர் வந்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமே!

நீதிமன்றம் அவர் பெயரை மறைத்தே வழக்கை நடத்த அனுமதித்தது. 1997இல் தீர்ப்பு வந்தது. ஒருவர் வேலைக்குத் தகுதியாக இருக்கிறார், அவரால் மற்றவர்களுக்கு ஆபத்து இல்லை என்றால், கிருமி இருப்பதை மட்டும் காரணம் காட்டி வேலையை மறுக்க முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றம் சொன்னது.

அதே காலத்தில் தமிழ்நாட்டிலும் ஒரு மாற்றம் நடந்தது. நாமக்கல்லைச் சேர்ந்த பெ. கௌசல்யா என்ற இளம்பெண்ணுக்குத் திருமணம் ஆன கொஞ்ச நாளிலேயே கணவன் வழியாகக் கிருமி வந்தது. அவர் முகத்தை மறைக்கவில்லை. "ஆமாம், எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது" என்று ஊரறியச் சொன்னார். 1998இல் தம்மைப் போன்ற பெண்களோடு சேர்ந்து சென்னையில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதுவரை மற்றவர்கள் இவர்களுக்காகப் பேசினார்கள். அதன் பிறகு இவர்களே பேசத் தொடங்கினார்கள்.

8. மருந்து வந்தது

2004 ஏப்ரலில் அரசு ஆஸ்பத்திரிகளில் எச்.ஐ.வி.க்கு இலவச மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். அதை ஏ.ஆர்.டி. சிகிச்சை என்கிறார்கள். கூட்டு மருந்து என்றும் சொல்வதுண்டு. இந்த மருந்து கிருமியை முழுதாக அழிக்காது. ஆனால் அதை அடக்கி வைக்கும்.

மருந்தை நாள் தவறாமல் சாப்பிட்டால் மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழலாம். வேலைக்குப் போகலாம். திருமணம் செய்துகொள்ளலாம். கர்ப்பிணித் தாய் சிகிச்சை எடுத்தால், கிருமி இல்லாத குழந்தை பிறக்கும் வாய்ப்பு மிக அதிகம். ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகவும் அது மற்றவருக்குப் பரவாது.

இன்று நம் நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள் என்று அரசின் கணக்குச் சொல்கிறது. அவர்கள் வாழ மருந்து வேண்டும். மருந்து தடைபடாமல் கிடைக்க வேண்டும்.

2022இல் சில மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. தில்லியில் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களே தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஜூலையில் தொடங்கிய போராட்டம் ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்தது. முன்பு, பூட்டி வைக்காதே என்று கேட்ட நகரம் அது. இப்போது, மருந்தை நிறுத்தாதே என்று கேட்டது.

9. இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

1989இல் வந்த மசோதா நோயாளியைப் பூட்ட நினைத்தது. 2017இல் வேறு வகையான சட்டம் வந்தது. அது ஒதுக்குகிறவரைத் தடுக்கிறது. அதன் பெயர் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம். 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

அந்தச் சட்டம் சொல்வதை எளிய சொற்களில் படிப்போம்:

• கிருமி இருப்பதைக் காரணம் காட்டி அநியாயமாக வேலையை விட்டு நீக்கக் கூடாது.
• பள்ளியில், கல்லூரியில் இடம் மறுக்கக் கூடாது. தனியே உட்கார வைக்கக் கூடாது.
• ஆஸ்பத்திரியில் சிகிச்சை மறுக்கக் கூடாது.
• வாடகை வீட்டை மறுக்கக் கூடாது.
• கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை, இடுகாடு எதிலும் தடுக்கக் கூடாது.
• விளக்கம் சொல்லி, சம்மதம் வாங்காமல் பரிசோதனை செய்யக் கூடாது. வேலைக்கும் பள்ளிக்கும் பரிசோதனையை நிபந்தனை ஆக்கக் கூடாது.
• ஒருவருக்குக் கிருமி இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் பிறரிடம் சொல்லக் கூடாது.
• எச்.ஐ.வி. உள்ளவர்கள் மீது வெறுப்பைப் பரப்பினால் 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

இந்தப் பாதுகாப்பு கிருமி உள்ளவருக்கு மட்டும் இல்லை. அவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்களுக்கும் உண்டு.

சில வீடுகளில் தாயும் தந்தையும் இறந்திருப்பார்கள், அல்லது படுத்த படுக்கையாக இருப்பார்கள். மூத்த பிள்ளையே குடும்பத்தைத் தாங்கும். அந்தப் பிள்ளைக்கு 12 வயது நிரம்பியிருந்து, விவரமும் தெரிந்திருந்தால், தம்பி தங்கைக்குக் காப்பாளராக இருக்கலாம். பள்ளியில் சேர்க்கலாம். சிகிச்சைக்கு அழைத்துப் போகலாம். "பெரியவர்களைக் கூட்டி வா" என்று திருப்பி அனுப்பக் கூடாது.

10. யாரிடம் முறையிடுவது?

100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி என்றால் 20 பேர் இருந்தாலே போதும். அவரிடம் முதலில் சொல்லலாம்.

மாநிலத்தில் குறைதீர்ப்பாளர் என்ற அதிகாரியை அரசு நியமிக்க வேண்டும். அவரிடம் எழுத்தில் முறையிடலாம். எழுத முடியாதவருக்கு எழுத உதவ வேண்டியது அவர் கடமை. 30 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரம் என்றால் கூடிய விரைவில், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும்.

வழக்குப் போடப் பணம் இல்லையா? மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. எச்.ஐ.வி. பற்றிய சந்தேகம் கேட்க 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரியில் உள்ள நம்பிக்கை மையத்திலும் இலவசமாக ஆலோசனையும் பரிசோதனையும் உண்டு.

மாதிரி மனு

அனுப்புநர்: .....................
பெறுநர்: குறைதீர்ப்பாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

என் பிள்ளை .................. வகுப்பில் படிக்கிறான் / படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் எச்.ஐ.வி. இருப்பதைக் காரணம் காட்டி ......... தேதி முதல் பிள்ளையைப் பள்ளிக்கு வர வேண்டாம் என்கிறார்கள். இது 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எதிரானது. பிள்ளையை மீண்டும் சேர்க்க ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பெயர் வெளியே தெரியாமல் காக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
.....................
இடம்:
தேதி:

(மனுவில் ஒரு நகலை நம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். கொடுத்ததற்கு ஒப்புகையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.)

11. நாம் என்ன செய்யலாம்?

சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் நம் வீட்டு அடுப்படிக்கு வந்து டம்ளரை எடுத்து வைக்காது. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

யாரைப் பற்றியாவது காதோடு காதாகச் செய்தி வந்தால், அதை நம்மோடு நிறுத்துவோம். நோயுற்றவர் வீட்டுக்குப் போவோம். அங்கே ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிப்போம். பத்துப் பேச்சு செய்யாததை அந்த ஒரு வாய்த் தண்ணீர் செய்யும். "அந்தப் பிள்ளையோடு சேராதே" என்று யாராவது சொன்னால், பரவும் வழி நான்கையும் எடுத்துச் சொல்வோம்.

தில்லி இளைஞர்கள் முதலில் செய்தது என்ன? ஒரு மசோதாவைப் படித்தார்கள். அவ்வளவுதான். படித்ததால் கேள்வி பிறந்தது. கேள்வியை எழுதினார்கள். இப்போது நமக்கும் படிக்கத் தெரியும். எழுதவும் தெரியும்.

சொற்பொருள்

பாகுபாடு – வேறுபடுத்தி நடத்துதல், பேதம்
மசோதா – சட்டத்தின் முன்வரைவு
அறிக்கை – விவரங்களைத் தொகுத்து எழுதியது
தள்ளுபடி – ஏற்க மறுத்தல்
காப்பாளர் – பொறுப்பேற்றுப் பாதுகாப்பவர்
ஒப்புகை – பெற்றுக்கொண்டதற்கான சீட்டு

பதில் எழுதுவோம்

1. எச்.ஐ.வி. பரவும் நான்கு வழிகள் எவை?
2. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் எந்த ஆண்டு, எந்த ஊரில் தெரியவந்தது?
3. 1989ஆம் ஆண்டு மசோதாவைத் தில்லி இளைஞர்கள் ஏன் எதிர்த்தார்கள்?
4. 2017ஆம் ஆண்டுச் சட்டம் யாரை எல்லாம் பாதுகாக்கிறது?

சேர்ந்து பேசுவோம்

• கட்டாயப் பரிசோதனை செய்தால் மக்கள் ஏன் ஒளிந்துகொள்வார்கள்?
• நம் ஊரில் வேறு எந்த நோய்க்காக மனிதர்களை ஒதுக்கினார்கள்? அந்தப் பழக்கம் இப்போது மாறிவிட்டதா?

செய்து பார்ப்போம்

• மாதிரி மனுவைப் பார்த்து, வாடகை வீடு மறுக்கப்பட்ட ஒருவருக்காக ஒரு மனு எழுதுங்கள்.
• "எப்படிப் பரவாது?" என்ற பகுதியைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதுங்கள். டீக்கடையிலோ ரேஷன் கடையிலோ அனுமதி கேட்டு மாட்டுங்கள்.